காட்சியும் நற்காட்சியும்



கண்ணுடையார் எல்லோரும் பார்க்கின்றனர். பார்த்தவர் எல்லோரும் கண்டவர் ஆவதில்லை. பழம்பெரும் நகரொன்றை வேடிக்கை பார்க்கச் செல்கிறோம். அங்கே நாம் காண வேண்டுவது எது? கட்டடங்களையா? அவற்றைக் கட்டினோரையா? அன்றி, நம்மையேயா? இவ்வினாவை என் சிற்றறிவுக்கு எட்டிய மட்டில் ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

இவ்வினா எனக்குத் தானாகத் தோன்றியதன்று. சென்ற இளவேனிற் காலத்தில் நண்பர் இருவருடன் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் மூன்று நாள் தங்கியிருந்தேன். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மற்றவர் தபால் இலாகாவில் முப்பது ஆண்டு உழைத்தவர். ஆசிரியரின் மகள் மிலான் நகரில் வேலை பார்க்கிறாள். தந்தைக்கு அவள் பயணச்சீட்டு வாங்க முனைந்தபோது, "தோழர் இருவரும் வந்தால் வருவேன், இன்றேல் வாரேன்" என்று அவர் பிடிவாதம் செய்ய, எங்களுக்கும் அந்நல்வாய்ப்புக் கிட்டியது.

திரும்பி வந்தபின், நம் கூட்டத்திற்கு வழக்கமாக வரும் மூதாட்டி ஒருவர், "அவ்வளவு தூரம் போய் வந்தாயே அப்பா, என்னத்தைக் கண்டாய்?" என்று கேட்டார். நானும் உற்சாகத்துடன் கோபுரத்தையும் ஆற்றையும் பாலத்தையும் வருணித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அதெல்லாம் அங்கே இருப்பது. நீ கண்டது என்ன?" என்றார். அன்று எனக்கு விடை வரவில்லை. இக்கட்டுரையே அவருக்கு நான் கூறும் விடை.

புளோரன்ஸ் நகர் ஆர்னோ என்னும் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்தது. நகரின் எப்பக்கத்திலிருந்து நோக்கினும், சாந்தா மரியா தெல் ஃபியோரே என்னும் பேராலயத்தின் செந்நிறக் குவிமாடமே முதலில் கண்ணைக் கவரும். ஆலயத்தின் பணி 1296-இல் தொடங்கிற்று. ஆனால் நடுவே ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள வெளியை எவ்வாறு மூடுவது என்று ஒருவருக்கும் விளங்காமல், அது நெடுங்காலம் திறந்தபடியே கிடந்தது. அவ்வளவு பெரிய மாடத்தைத் தாங்கி நிற்க மரச்சாரம் கட்டுவதென்றால் காடுகளையே வெட்ட வேண்டும். புரூனெல்லெஸ்கி என்னும் பொற்கொல்லர், கீழிருந்து தாங்கும் சாரம் இல்லாமலே, ஒன்றனுள் ஒன்றாக இரண்டு ஓடுகளாக அம்மாடத்தை எழுப்பலாம் எனக் காட்டினார். 1420-இல் தொடங்கிய அவ்வேலை 1436-இல் நிறைவுற்றது. நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் அடங்கியிருப்பதாகக் கணக்கிடுகின்றனர்.

உச்சியை அடைய 463 படிகள் ஏற வேண்டும். தபால் நண்பருக்கு முழங்கால் வலி. "நீங்கள் ஏறிப் பார்த்து வாருங்கள், நான் கட்டியவருக்குத் துணையாக இருக்கிறேன்" என்று சொல்லி, ஆலயத்தின் தென்புறத்தில், தாம் கட்டிய மாடத்தை அண்ணாந்து நோக்கியவாறு வீற்றிருக்கும் புரூனெல்லெஸ்கியின் சிலையருகே அவர் தங்கிவிட்டார். ஆசிரியரும் நானும் ஏறினோம். வழி அவ்விரண்டு ஓடுகளுக்கும் இடையே செல்கிறது. கை நீட்டினால் செங்கல் தட்டுப்படும். கட்டி முடியும் வரை கல் சரியாதிருக்கும்பொருட்டு மீன்முள்ளைப் போல் இடையிடையே நெட்டுக்குத்தாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் நின்று ஒரு கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தேன். இதை வைத்தவன் பெயர் என்ன? புரூனெல்லெஸ்கியின் பெயரை உலகம் அறியும். இந்தக் கல்லைத் தூக்கி வைத்தவன் அன்று மாலை எங்கே உண்டான், எவ்வளவு கூலி பெற்றான், அவனுக்கு எத்தனை குழந்தைகள்? இத்தகைய எண்ணங்களுடனே மேலே சென்றேன்.

இவ்வாலயத் திருப்பணியை 1331 முதல் பொறுப்பேற்று நடத்தியது கம்பளி வணிகர் சங்கம் என்று ஆசிரியர் எனக்கு எடுத்துரைத்தார். கொடி தாங்கிய ஆட்டுக்குட்டியே அச்சங்கத்தின் முத்திரை. அக்காலத்து வரலாற்றாசிரியரான ஜொவான்னி வில்லானியின் கணக்குப்படி, 1338 வாக்கில் அந்நகரில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பளித் தொழிற்கூடங்கள் இருந்தன. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அத்தொழிலால் பிழைத்தனர். ஆட்டு மயிரை அலசுவோர், அடிப்போர், சீவுவோர், சிக்கெடுப்போர், நூற்போர், நெய்வோர் எனப் பலர். நானோ பஞ்சு மில்லில், கார்டிங் பகுதியில் இருபதாண்டுக்கு மேல் உழைத்தவன். பஞ்சைச் சீவி, சிக்கெடுத்து, திரியாக்கி அனுப்புவதே என் வேலை. ஆகவே, இங்குள்ள பளிங்கும் செங்கல்லும் என் தொழிலைச் செய்தவர்களின் வியர்வையில் விளைந்தவை என்று அறிந்ததும் என் மார்பு விம்மியது. அந்நியனாக அந்நகருக்குள் நுழைந்த நான், உறவினன் வீட்டுக்கு வந்தவனைப் போல் நடக்கலானேன்.

அவ்வுழைப்பாளர் வரலாறு துயர் நிறைந்தது. அவர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை இல்லை. சங்கத்தில் இடமில்லாதவனுக்கு நகராட்சியிலும் இடமில்லை. வணிகர் சங்கமே அவர்களுக்கு முதலாளி. அதுவே அவர்களுக்கு நீதிபதி. கம்பளி சீவும் தொழிலாளியான சியூத்தோ பிராந்தினி என்பவன் தன்னைப் போன்றோரை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைக்க முயன்றான். 1345-இல் அவனைச் சிறைப்பிடித்தனர். அவனை விடுவிக்கக் கோரி உடனுழைப்போர் வேலையை நிறுத்தினர். எனினும் அவன் தூக்கிலிடப்பட்டான். பின்னர் 1378-ஆம் ஆண்டு கோடையில், சியோம்பிகள் எனப்பட்ட அக்கம்பளித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். ஜூலை 22-ஆம் நாள் ஆட்சி மாளிகையே அவர்கள் கைக்கு வந்தது. மிக்கேலே தி லாந்தோ என்னும் கம்பளித் தொழிலாளி நகரின் தலைமைப் பதவியில் அமர்ந்தான். அதுவரை இருபத்தொன்றாக இருந்த சங்கங்களோடு, உழைப்பாளருக்கென மூன்று புதிய சங்கங்கள் சேர்க்கப்பட்டன.

இரண்டாம் நாள் காலை, அம்மிக்கேலேயின் சிலையைத் தேடிச் சென்றோம். புதுச்சந்தை மண்டபத்தின் தூண் மாடமொன்றில் அது நிற்கிறது. அம்மண்டபத்தருகே வெண்கலத்தால் ஆன காட்டுப்பன்றி ஒன்றும் இருக்கிறது. அதன் மூக்கைத் தடவினால் நற்பேறு உண்டாகும் என்பது நம்பிக்கை. தடவித் தடவி அம்மூக்குப் பொன்போல் மின்னுகிறது. பன்றியின் முன்னே பெருங்கூட்டம் வரிசையில் நிற்க, மிக்கேலேயை ஏறிட்டுப் பார்ப்பார் ஒருவரும் இல்லை. எனக்குச் சினம் பொங்கிற்று. நடுத்தெருவில் நின்று நண்பர்களுக்குப் பிரசங்கமே செய்துவிட்டேன். "உழைத்தவனை மறந்து பன்றியின் மூக்கைத் தடவுகிறதே இவ்வுலகம்! இந்நகரின் ஒவ்வொரு கல்லும் நம்மைப் போன்றோரிடம் பறித்தது அன்றோ?" என்றேன்.

ஆசிரியர் புன்னகைத்தார். "அண்ணே, முழுவதையும் சொல்லுங்கள். ஆகஸ்டு 31-ஆம் நாள் சியோம்பிகளை இதே நகரச் சதுக்கத்தில் அடித்து விரட்டியவர்களுக்குத் தலைமை தாங்கியவன் யார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இந்த மிக்கேலேதான்" என்றார். ஆறு வாரத்துக்கு முன் தன்னைத் தூக்கி நிறுத்திய அதே ஏழைகள், இன்னும் வேண்டும் என்று கேட்டபோது, அவன் அவர்கள் மேலேயே பாய்ந்தான். சியோம்பிகளின் சங்கம் கலைக்கப்பட்டது. மற்ற இரு சங்கங்களும் 1382-இல் ஒழிக்கப்பட, மிக்கேலேயும் நாடு கடத்தப்பட்டான். நகரை அழிவிலிருந்து காத்த அறிஞன் என்று சிலரும், தன் இனத்தாரைக் காட்டிக்கொடுத்தவன் என்று சிலரும் அவனைப் பேசுவர். தபால் நண்பர் சிலையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பதவி கிடைக்கும் வரை நாம் எல்லோரும் நல்லவர்கள்தான்" என்று மட்டும் சொன்னார்.

நடந்து களைத்து, குடியரசுச் சதுக்கம் என்னும் அகன்ற வெளியில் காப்பி அருந்த அமர்ந்தோம். பெரிய வளைவு ஒன்று அங்கே நிற்கிறது, 1895-இல் எழுப்பியது. சுற்றிலும் அழகிய காப்பிக் கடைகள். இவ்விடத்தில் முன்பு பழைய சந்தை இருந்தது. அதனருகே யூதர்களை அடைத்து வைத்த சேரி இருந்தது. 1571-இல், முதலாம் கோசிமோவின் ஆட்சியில், யூதர்கள் அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று ஆக்கினர். இரவில் அதன் வாயில்களைப் பூட்டிவிடுவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதி முழுவதையும் இடித்துத் தள்ளிவிட்டு இச்சதுக்கத்தை அமைத்தனர். ஊருக்குப் புறம்பே வைக்கப்படுதல் என்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று நான் எங்கே அமர்ந்திருந்தேன்? பூட்டிய கதவுக்கு உட்புறத்திலா? இல்லை. அச்சேரி இருந்த மண்ணின்மேல் போட்ட நாற்காலியில், காசு கொடுத்து வாங்கிய காப்பியுடன் அமர்ந்திருந்தேன். இவ்வெண்ணம் எழுந்ததும் காப்பி சற்றுக் கசந்தது. எனினும் குடித்து முடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவு அறையில் ஆசிரியர் மற்றொரு செய்தியைச் சொன்னார். வசாரி என்பவர் 1550-இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்றில் வருவது அது. குவிமாடம் பாதி எழும்பியிருந்தபோது, கொத்தனார்கள் கூலி உயர்வு கேட்டு நின்றனராம். புரூனெல்லெஸ்கி அவர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, லொம்பார்டி நாட்டிலிருந்து வந்த ஆட்களை அமர்த்தினார். அருகிலேயே நின்று கற்பித்து, ஒரே நாளில் அவர்களுக்கு அவ்வேலையைப் பழக்கிவிட்டார். வெளியே நின்ற பழைய கொத்தனார்கள் வேறு வழியின்றித் தூது அனுப்பினர். அவர்களைச் சில காலம் ஏங்க வைத்து, முன்னைவிடக் குறைந்த கூலிக்கே மீண்டும் சேர்த்துக்கொண்டார் என்பது கதை.

தபால் நண்பர், "பாவம், அந்தக் கொத்தனார்கள்!" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைத்தபின்னும் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் இது.

அன்பர்களே, நான் மில்லில் சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அந்த மில்லின் கார்டிங் பகுதியில் கூலித் தகராறு மூண்டு, வேலைநிறுத்தம் நடந்து, நிறுத்தியவர்களை வெளியே தள்ளிக் கதவடைத்திருந்தார்கள். குறைந்த கூலிக்குப் புதிய கைகள் வேண்டும் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்தது. வீட்டில் அடுப்பெரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. விடியுமுன் சித்தப்பா என் கையைப் பிடித்து வாயிலுக்கு அழைத்துச் சென்றார். வெளியே தள்ளப்பட்டவர்கள் தேநீர்க் கடை ஓரமாக உட்கார்ந்திருந்தனர். சிலர் எங்களைப் பார்த்துக் காறித் துப்பினர். அவர்களில் வயது முதிர்ந்த ஒருவர் எழுந்து என்னருகே வந்தார். அடிக்கப் போகிறார் என்று அஞ்சி ஒதுங்கினேன். அவரோ தாழ்ந்த குரலில், "தம்பி, மூன்றாம் நம்பர் மெஷினில் பெல்ட் சறுக்கும். ஓடும்போது கை வைத்துவிடாதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மூன்றாம் எந்திரமே எனக்குக் கிடைத்தது. பெல்ட் சறுக்கவும் செய்தது. என் பத்து விரல்களும் இன்று என்னிடம் இருப்பதற்கு அப்பெரியவரே காரணம். அவர் பெயரை நான் கேட்கவில்லை. மறுவாரம் அவர் அங்கே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மில்லும் மூடப்பட்டது.

குவிமாடத்தின் செங்கல்லைத் தொட்டபோது நான் என்ன நினைத்தேன்? கூலி மறுக்கப்பட்ட கொத்தனாரை என் உறவினராகக் கொண்டேன். பன்றியின் முன் நின்று பேசியபோது தூக்கிலிடப்பட்ட சியூத்தோவை என் உறவினனாகக் கொண்டேன். இழந்தவர்களின் வரிசையிலேயே எனக்கு ஓர் இடத்தை நானே போட்டுக்கொண்டேன். அது பெருமைக்குரிய இடம். ஆகையால் அதில் அமர மனம் விழைகிறது. ஆனால் உண்மையில் நான் லொம்பார்டியன். பிறர் நின்ற இடத்தில் குறைந்த கூலிக்கு வந்து நின்றவன். அக்கூலியில்தான் என் தங்கையர் இருவரும் வளர்ந்தனர்.

பசித்து வந்த பதினெட்டு வயதுச் சிறுவனைக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். அவன்மேல் ஒரு பழியும் இல்லை என்று தள்ளிவிடவும் என்னால் இயலவில்லை. பசி உண்மை, பறிபோன இடமும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பது கடினம். ஒன்றைக் கண்டால் மற்றொன்றை மறைத்துக்கொள்வதே மனத்தின் இயல்பு.

இதிலிருந்து நான் தெளிந்தது யாது? பழம்பெரும் நகரைக் காணச் செல்வோரில் இருவகையினர் உளர். ஒருவன் கட்டடத்தைக் கண்டு வியந்து, கட்டியவனை மறக்கிறான். மற்றொருவன் கட்டியவனின் துயரை எண்ணிச் சினந்து, கட்டடத்தையே வெறுக்கிறான். முதல்வனைவிடப் பின்னவன் உயர்ந்தவன் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. இருவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: தம்மைக் காட்சிக்கு வெளியே நிறுத்திக்கொள்கின்றனர். வியப்பும் வேடிக்கையாகலாம், சினமும் வேடிக்கையாகலாம். அறுநூறு ஆண்டுக்கு முன் மாண்டவர்களுக்காகச் சினந்துகொள்வதில் நமக்கு ஒரு காசும் செலவில்லை. அக்காட்சிக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டு, வரும் விடை எத்தகையதாயினும் அதை ஒப்புக்கொள்ளும்போதுதான் காட்சி நற்காட்சியாகத் தொடங்குகிறது.

"அப்படியாயின், அழகிய எதனையும் கண்டு மகிழக் கூடாதோ?" என்று சிலர் வினவலாம். மகிழலாம், மகிழவும் வேண்டும். குவிமாடத்தின் உச்சியில் நின்று மலைகளையும் ஆற்றையும் ஓட்டுக்கூரைகளையும் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி பொய்யன்று. அம்மாடத்தை வெறுப்பதால் கொத்தனாருக்கு ஒரு காசு கூலி கூடிவிடப் போவதில்லை. அவர்களுடைய கைத்திறனுக்கு மிஞ்சியுள்ள சான்று அதுவே. கடன்பட்ட வீட்டில் உண்ணும் சோறும் சுவைக்கவே செய்யும். சுவைத்தபின் கடனை மறப்பதே குற்றம்.

கடனை எவ்வாறு தீர்ப்பது? இறந்தவர்க்குத் திருப்பித் தர இயலாது. அதற்கும் புளோரன்ஸ் நகரிலேயே ஒரு விடை கண்டேன். மூன்றாம் நாள் ஆற்றங்கரை ஓரமாக நடந்தபோது, சுவர்களில் நம் தலைக்கு மேலே சிறு கற்பலகைகள் பதித்திருப்பதைக் கண்டோம். 1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தபோது வெள்ளம் ஏறிய மட்டம் அது. சேறும், வீடுகளில் சூடேற்றச் சேர்த்து வைத்திருந்த எண்ணெயும் கலந்து, ஆலயங்களுக்குள்ளும் நூலகங்களுக்குள்ளும் புகுந்தன. ஆற்றோரத்துத் தேசிய நூலகத்தில் இலட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. சாந்தா குரோச்சே ஆலயத்துக்குரிய, சிமாபுவே தீட்டிய பழஞ்சிலுவை ஓவியத்தின் பெரும்பகுதி வண்ணம் உதிர்ந்து போயிற்று.

அச்செய்தி கேட்டு, இத்தாலியின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் திரண்டு வந்தனர். அவர்களை எவரும் கூலி பேசி அழைக்கவில்லை. நூலகத்தின் அடித்தளம் முதல் வாயில் வரை வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைக்குக் கை மாற்றி வெளியே கொண்டுவந்தனர். அந்நாட்டு மக்கள் அவர்களைச் "சேற்றுத் தேவதூதர்" என்று இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். அவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களே. நாங்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களே. அவர்கள் சென்ற ஆண்டில் நகரில் காண்பதற்கு அழகாக ஒன்றும் இல்லை, சேறுதான் இருந்தது. ஆயினும், அந்நகரை அவர்களைப் போல் கண்டறிந்த விருந்தினர் வேறு எவர்? ஒரு நூலை வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்தவனுக்கு அது யார் எழுதியது, யார் படிக்கப் போவது என்பதெல்லாம் தெரியாது. தன்னிடம் வந்ததைச் சிதையாமல் அடுத்தவருக்குத் தந்தான், அவ்வளவே. பெயர் தெரியாத அப்பெரியவர் மில் வாயிலில் எனக்குச் செய்ததும் அதுவே அன்றோ?

இன்று நம் ஊர்களிலும் லொம்பார்டியர் வந்திருக்கின்றனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி வந்து, நம்மவர் வாங்கிய கூலிக்கும் குறைவாக உழைக்கின்றனர். "இவர்கள் நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள்" என்று நம்மில் பலர் பேசுகின்றனர். நானும் பேசியிருக்கிறேன், நம் கூட்டத்து மேடையிலேயே ஒருமுறை அவ்வாறு பேசினேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். நம்மில் பலருடைய பாட்டனும் முப்பாட்டனும் இவ்வாறே மூட்டை முடிச்சுடன் வேற்றூருக்கு வந்து, குறைந்த கூலிக்கு நின்றவர்கள். கூலியைக் குறைப்பவனை எதிர்த்து நிற்பது வேறு. அக்குறைந்த கூலிக்குப் பசியோடு வந்து நிற்பவனை வெறுப்பது வேறு. முன்னதைச் செய்ய வேண்டும். பின்னது நமக்கு அடாது.

எங்கள் தெருமுனையில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. அங்கே வேலை செய்யும் சிறுவர்களிடம் ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே சென்று பேசினேன். எனக்கு அவர்கள் மொழி அரைகுறை. அவர்களுக்கு என் மொழி அதனினும் அரைகுறை. சாரத்தில் ஒரு கட்டு நெகிழ்ந்திருந்ததைக் கைகாட்டிச் சொன்னேன். அவர்களில் ஒருவன் ஏறிச் சென்று அதை இறுக்கிக் கட்டினான். அவனிடம் பெயர் கேட்டேன், சொன்னான்.

அம்மையே, நான் கண்டது இது.